அல்டாப்ராவின் பேராமையும் வரிநத்தையும்

செஷல்ஸ் நாட்டின் அல்டாப்ரா பவளத்தீவு நலமாக இருக்கிறதா என்பதை எந்த உயிரைப் பார்த்து அறிவது என்று கேட்டால், பெரும்பாலோர் பேராமையையே காட்டுவார்கள். அதற்கு நியாயமும் உண்டு. 250 கிலோ வரை எடை கொள்ளும் இந்த ஆமையை மாலுமிகள் இறைச்சிக்காக அள்ளிச் சென்ற காலத்தில், அதைக் காக்கும்படி டார்வின் உள்ளிட்ட அறிஞர்கள் 1874-இல் மொரிஷியஸ் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்கள். இன்று அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் ஆமைகள் வாழ்கின்றன.

அதே தீவில் வாழும் வரிநத்தைக்காக அப்படி யாரும் எழுதவில்லை. கட்டைவிரல் நுனியளவே உள்ள அதன் கருநீல ஓட்டில் இளஞ்சிவப்பு வரி ஒன்று ஓடுகிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை.

மழையும் நிழலும் இரண்டுக்குமே உயிர்நாடி. உச்சிவெயிலுக்குள் மரநிழலை அடையத் தவறும் ஆமை, வெப்பம் தாங்காமல் இறந்துபோகும். ஆயினும் பாறைக் குழியில் தேங்கிய சிறிதளவு நீரையும் மூக்கால் உறிஞ்சிக் குடிக்க வல்ல அது, நூறாண்டைக் கடந்தும் வாழக்கூடியது என்பதால், மழை பொய்த்த சில ஆண்டுகளைப் பொறுத்துக்கொள்கிறது. நத்தைக்குஞ்சுக்கு அந்த அவகாசம் இல்லை. வறட்சி நீண்டால் அது காய்ந்துவிடும். 1997-க்குப் பிறகு உயிருள்ள வரிநத்தை எவர் கண்ணிலும் படாததால், மழை குறைந்ததே காரணம் என்று கூறி, 2007-இல் வெளியான ஆய்வுக்கட்டுரை ஒன்று அந்த இனமே அழிந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் 2014 ஆகஸ்டில், அல்டாப்ராவின் ஒரு பகுதியான மலபார் தீவின் அடர்ந்த புதரில் (பெயர் நமக்குப் பழக்கமானதுதான், இடம் வேறு) ஏழு நத்தைகள் உயிருடன் கிடைத்தன.

ஆமையை எண்ணுவது எளிது. ஆனால் இன்று நாம் எண்ணும் முதிர்ந்த ஆமைகள், பல பத்தாண்டுகளுக்கு முன் பெய்த மழையின் விளைவு. நத்தையோ அண்மைய மழைக்காலங்களின் கணக்கைச் சொல்கிறது. ஆகவே இரண்டில் ஒன்றை மட்டும் கண்காணிக்க முடியும் என்றால், நான் நத்தையையே தேர்வேன். காணவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள தூரத்தை அல்டாப்ராவில் காலால்தான் கடக்க வேண்டும்: காலணியையே கிழிக்கும் கூரிய சுண்ணாம்புப் பாறையின் மேல் நடந்து, முட்புதருக்குள் குனிந்து, இலை இலையாகத் தேடுகிறவர்கள் ஆண்டுதோறும் அங்கே தேவைப்படுவார்கள்.