“ஈஸி லூப், ரெண்டு ஏரி” என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு. நான், மனைவி, அக்கா மகள், 61 வயது மாமனார், நாலு பேரும் ஆளுக்கு 1,850 ரூபாய் கட்டி, ஆந்திர எல்லையோரம் இருக்கும் மலைக்காட்டுக்கு ட்ரெக் போனோம். கூட்டிப் போனவர்கள் பெயரை இங்கே போடவில்லை. விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: “9 கி.மீ. சுலபமான வட்டப்பாதை, இரண்டு ஏரிகள், 3 மணி நேரம், குடும்பத்தோடு வரலாம்.” கூடவே ஒரு வரைபடம், அதில் சிவப்பில் அழகான ஒரு வட்டம். மாமாவுக்கு முட்டி வலி உண்டு. ‘சுலபம்’ என்ற வார்த்தையை நம்பித்தான் அவரையும் கிளப்பினேன்.

கோயம்பேட்டில் விடியற்காலை நாலரைக்கு வரவேண்டிய வேன் ஏழரைக்கு வந்தது. அதைக்கூட விட்டுவிடலாம். செக்போஸ்ட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே வேனை நிறுத்தி, மாந்தோப்பு வழியாக நடக்கச் சொன்னார்கள். “அனுமதி வாங்கியாச்சா தம்பி?” என்று கேட்டேன். “பேசியாச்சுண்ணே, இது ஷார்ட்கட்” என்றான் வழிகாட்டிப் பையன். இருபது வயதுதான் இருக்கும். அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். வனத்துறை அனுமதி கையில் இருப்பவன் ஏன் தோப்புக்குள் நுழைகிறான்? பதினேழு பேர் இருந்தோம், ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நடக்க ஆரம்பித்தபோது மணி 10:40. முதல் ‘ஏரி’ வந்தது. ஓடை பாறையில் விழுந்து தேங்கும் மடு, அகலம் ஒரு கல்யாண மண்டப மேடை அளவு. அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏரி இல்லை. ஆந்திரப் பக்கம் தடாவில் எல்லாரும் அருவி பார்க்கப் போகும் உப்பலமடுகு, பெயரிலேயே ‘மடு’ என்று சொல்லிவிடுகிறது. தெலுங்குக்காரர்கள் நம்மைவிட நேர்மை.

இரண்டாவது மடுவைத் தாண்டியதும் வட்டம் முடிந்தது. முடிந்தது என்றால், பாதையே இல்லை. ஓடை ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு பாறையிலிருந்து கீழே இறங்குகிறது, கயிறு இல்லாமல் இறங்க முடியாது. பையன் போனைப் பார்த்தான், அதில் 18 சதவீதம் சார்ஜ். “அண்ணே, போன தடவை இப்படி இல்லையே.” வட்டப்பாதையில் ஒரு நிம்மதி உண்டு: பாதியைத் தாண்டிவிட்டால் திரும்புவதைவிட முன்னே போவதே குறைவு. இங்கே வந்த வழியே முழுசாகத் திரும்ப வேண்டியதாயிற்று.

இறங்கும்போது மாமாவின் ஷூ அடிப்பாகம் பிய்ந்தது. அக்கா மகள் தன் தலைமுடி ரப்பர் பேண்டு இரண்டைக் கழற்றிப் போட்டுக் கட்டினாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. வேனுக்கு வந்து சேர்ந்தபோது 6:10. கடைசிப் பகுதி முழுக்க போன் டார்ச் வெளிச்சம்தான், தண்ணீர் மூன்று மணிக்கே தீர்ந்துவிட்டது.

அக்கா மகளின் வாட்ச் கணக்கில் 14 கி.மீ., ஏற்றம் 520 மீட்டர். மலை நடப்பவர்கள் 1892-லிருந்து நெய்ஸ்மித் கணக்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தாலே 3 மணி 40 நிமிடம், அதுவும் நல்ல பாதையில், திடமான ஆளுக்கு. பாறைக் காட்டில் முட்டி வலிக்காரரோடு போனால் இரட்டிப்பு. ஏற்றம் எவ்வளவு என்று சொல்லாமல் கிலோமீட்டர் மட்டும் சொல்கிறவனிடம் பணம் கொடுக்காதீர்கள். வீடு வந்து இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தைப் பார்த்தேன். 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். எங்கள் சிவப்பு வட்டத்தின் பின்பாதி, கோடுகள் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அதாவது செங்குத்தான, இடத்தின் மேலேயே ஓடுகிறது. நடந்து பதிவான ஜிபிஎஸ் தடம் இல்லை அது, விரலால் போட்ட கோடு. அதனால் ஜிபிஎஸ் தடத்தின் ஃபைலைக் கேளுங்கள், படம் வேண்டாம்.

அனுமதி விஷயத்தை இனி யாராவது லேசாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து போன ட்ரெக் குழுவும் உண்டு. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரிலிருந்து அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் நேரடியாகப் பதிவு செய்யலாம். 40 பாதைகளோடு தொடங்கினார்கள், உள்ளூர் வழிகாட்டியும் வருவார். பூண்டி ஏரிப் பக்கம் குடியம் குகைப் பாதையும் அதில் உண்டு. மாமாவை அங்கே அழைத்துப் போயிருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “இயற்கை எங்க கையில இல்ல சார்” என்று பதில். அப்புறம் அடுத்த பயணத்துக்கு 500 ரூபாய் கூப்பன். வாட்ஸ்அப் குழுவில் விளம்பரத்தை அழித்துவிட்டார்கள், நல்லவேளை அக்கா மகள் ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தாள். 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் பதிந்தாயிற்று. சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இந்த வாரம் அதே விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. இப்போது மூன்று ஏரியாம். படத்தில் மடு ஓரம் குரங்குக் குல்லாயோடு சிரித்தபடி உட்கார்ந்திருப்பது எங்கள் மாமா, ஷூ பிய்வதற்கு முன்னால்.