விடாத தும்மல், மூக்கடைப்பு: மாத்திரையா, ஸ்ப்ரேயா?

காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராய் ஒழுகும் மூக்கு, கண்ணில் அரிப்பு. காய்ச்சல் கிடையாது, கிருமியும் கிடையாது. இது ஒவ்வாமை (அலர்ஜி). மெத்தையில் வாழும் தூசிப்பூச்சியின் எச்சத்தை எதிரியாக எண்ணி, நோய் எதிர்ப்பு மண்டலம் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயார் செய்து வைத்திருக்கிறது. அது மூக்குச் சவ்வின் மாஸ்ட் செல்கள்மீது ஒட்டியிருக்கும். தூசி பட்ட சில நிமிடங்களில் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். தும்மலும் ஒழுகலும் அதனால்தான். சில மணி நேரம் கழித்து இயோசினோபில் முதலான வெள்ளணுக்கள் வந்து குவிந்து சவ்வு வீங்கும்; அடைப்பு நீடிப்பது இதனால்.

செட்டிரிசின் 10 மி.கி. மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும். ஹிஸ்டமினின் வேலையை மட்டுமே தடுப்பதால் தும்மலும் அரிப்பும் அடங்கும், அடைப்பு பெரிதாக அசையாது. சிலருக்குத் தூக்கம் சொக்கும். வண்டி ஓட்டுபவர்களுக்கு ஃபெக்சோஃபெனடின் மேல். ஆனால் அதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும், ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள் அது உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். எப்போதாவது வரும் தும்மலுக்கு மாத்திரையே போதும்.

வாரத்தில் பல நாள் தொல்லை, அதிலும் அடைப்புதான் பெரும்பாடு என்றால் ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் சரி. அது வெள்ளணுக்கள் குவிவதையே குறைக்கிறது. ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறார்கள். மூக்கில் அடிக்கும் ஃப்ளூட்டிகசோனில் இரத்தத்தில் கலப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு, நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு மூக்குத் துளையிலும் 50 மைக்ரோகிராம் வீதம் இரண்டு அழுத்து. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே “கேட்கவில்லை” என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம்.

அடுத்த தவறு, அடிக்கும் விதம். மூக்கைச் சிந்திவிட்டு, புட்டியைக் குலுக்கி, தலையைச் சற்று முன்னால் குனியுங்கள். வலத் துளைக்கு இடக்கையால் பிடியுங்கள். முனை தானாகவே வெளிப்பக்கம், காதை நோக்கித் திரும்பும். மூக்கின் நடுத்தண்டில் அடித்தால் சவ்வு காய்ந்து இரத்தம் கசியும். அடிக்கும்போது மெதுவாக மூச்சிழுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்கு ஓடிவிடும். கசப்பு தட்டினால் அதுதான் அடையாளம்.

மெடிக்கலில் கேட்டதும் கிடைக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து இந்த ஸ்ப்ரேக்கு மாற்று அல்ல. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி உடனே அடைப்பைத் திறக்கும். ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தாலேயே மூக்கு அடைக்கும்.

லீவோசெட்டிரிசினோடு மாண்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையைத் தும்மலுக்கெல்லாம் முதல் மருந்தாக எடுக்க வேண்டாம். தற்கொலை எண்ணம் உள்ளிட்ட மனநலப் பாதிப்புகள் வரலாம் என மாண்டெலுகாஸ்டுக்கு 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. ஒவ்வாமைச் சளிக்கு, மற்ற மருந்துகள் கேட்காதபோது மட்டுமே அதைத் தரச் சொன்னது. குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் தூக்கமும் குணமும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.