சொட்டுகிற ஸ்பிரேயரும் நாலு மில்லிமீட்டர் புல்லும்

கோவையில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் புல்லைப் பார்த்துக்கொள்ளும் நண்பன் நேற்று போன் செய்தான். "மச்சான், நீ வச்சிருக்கியே அந்தப் பதினாறு லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர், இப்ப விலை குறைச்சிருக்கான். வாங்கட்டுமா?" சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் நானும் அதே வேலைதான் பார்க்கிறேன். போன வாரம்தான் மூன்றாவது முறையாக அந்த ஸ்பிரேயரை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கியிருந்தேன். வாயில் வந்ததைச் சொல்லாமல், எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

2022 ஆகஸ்டில் வாங்கியது. முதுகில் மாட்டுவது, 12 வோல்ட் பேட்டரி. மற்ற விவரமெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். மருந்தடிக்க எங்களிடம் வண்டியும் உண்டு. ஆனால் மழை பெய்த மறுநாள் அதை கிரீன் மேல், அதாவது கொடி நட்ட குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை மேல், ஏற்றினால் சக்கரத் தடம் பதிந்துவிடும். நோய் வருவதோ சரியாக அந்த மறுநாள்தான். ஆகவே முதுகுதான் கதி.

சென்னையில் மழை என்றால் எல்லோருக்கும் நவம்பர், டிசம்பர் ஞாபகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்களுக்கும் இரண்டு கிரீன் தண்ணீருக்குள் கிடந்தன. ஆனால் நோய் என்று வந்தால் என் வயிற்றைக் கலக்குவது ஆகஸ்டும் செப்டம்பரும். பகலில் 35 டிகிரி, சாயங்காலம் இடியோடு ஒரு மழை, ராத்திரி 26க்குக் கீழே இறங்காத புழுக்கம். புல் விடிய விடிய நனைந்தே இருக்கும். புல்லை அழுக வைக்கும் பிதியம் என்ற கிருமிக்கு வேறென்ன வேண்டும்? முந்தின நாள் நன்றாக இருந்த இடம் காலையில் எண்ணெய் தடவியதுபோல் கருத்து, படிந்து கிடக்கும். குனிந்து பார்த்தால் மெல்லிய பஞ்சு. புல் வெட்டும் மெஷினோடும் ஓடுகிற தண்ணீரோடும் போவதால் கோடு கோடாகப் பரவும்.

அந்தக் கோடுதான் என்னை ஏமாற்றியது. 2023 செப்டம்பரில் ஒரு காலை, ஏழாவது கிரீனில் ரூபாய் நாணய அகலத்துக்குக் கறுப்புப் புள்ளிகள், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில். எனக்குக் கை நடுங்கியது. மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் கலந்த நோய் மருந்துப் பவுடரைக் கரைத்து உடனே அடிக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பக்கத்திலேயே இன்னொரு வரிசை, இந்த முறை மஞ்சளாக. கறுப்புப் புள்ளி ஒன்றைப் புல்லோடு பெயர்த்து, ஈர டிஷ்யூ வைத்த டிபன் பாக்ஸில் மூடி ராத்திரி முழுக்க வைத்தேன். பிதியமாக இருந்தால் காலையில் பஞ்சு கட்டியிருக்கும். ஒன்றுமே இல்லை.

எங்கள் மூத்த தோட்டக்காரர், பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம், அந்த வரிசையில் ஒவ்வொரு புள்ளியாகக் காலை வைத்து நடந்து பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டுச் சொன்னார்: "இது நோய் இல்ல சார், என் நடை." மஞ்சள் புள்ளியைத் தேய்த்தேன். பவுடர் விரலில் ஒட்டியது. கறுப்பு, அதற்கு முன்னால் நிறத்துக்காக அடித்த இரும்பு சல்பேட். கைப்பிடி வால்வை விட்ட பிறகும் குழாயில் மிச்சம் நிற்கும் மருந்து, அவர் கிரீனைத் தாண்டிப் போகும்வரை அடிக்கொரு சொட்டாக விழுந்திருக்கிறது. நோயே இல்லாத புல்லுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன், அதே சொட்டுகிற ஸ்பிரேயரால்!

நெல் வயலில் இந்தச் சொட்டை யார் பார்க்கப்போகிறார்கள்? நாலு மில்லிமீட்டருக்கு வெட்டிய அருகம்புல் வகையில் ஒவ்வொரு சொட்டும் பொட்டு வைத்ததுபோல் தெரியும். பந்தைக் குழிக்குள் உருட்டிவிட (பட்டிங்) வருபவர்கள் குனிந்து பார்த்துவிட்டு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பிராட்வேயில் ஒரு கடையில் உள்ளே டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வும் ஸ்பிரிங்கும் வைத்த நாசில் பிடி, அதாவது மருந்து பீய்ச்சும் முனையை மாட்டும் பிடி, வாங்கிப் போட்டேன். அழுத்தம் குறைந்ததும் தானாக அடைத்துக்கொள்ளும். சொட்டு நின்றது, ஆறு மாதம். அப்புறம் பவுடர் துகள் போய் டயஃப்ரத்தில் உட்கார்ந்துகொண்டு மறுபடி ஆரம்பித்தது. நியாயமாகச் சொன்னால் அதில் பாதித் தப்பு எங்களுடையது. பவுடரை வாளியில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டித்தான் டேங்கில் ஊற்ற வேண்டும். அவசரத்தில் யாராவது நேராகக் கொட்டிவிடுகிறார்கள். ஆனாலும் நாற்பது ரூபாய் ரப்பரை கம்பெனிக்காரனே முதலில் போட்டுக் கொடுத்திருக்கலாமே? சர்வீஸில் கேட்டால், "விவசாயிங்க யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே சார்" என்கிறார்கள்.

நல்லதும் சொல்ல வேண்டும். கையால் அடிக்கும் பம்பில் அழுத்தம் ஏறி இறங்கும், மருந்தும் திட்டுத்திட்டாக விழும். இதில் சீராக விழுகிறது. கூடவே வரும் நாசில்களைத் தூக்கிப் போட்டுவிட்டு விசிறி நாசில் மாட்டி, ஒரே வேகத்தில் நடந்தால் ஒரு கிரீனுக்கு ஒன்றேகால் டேங்க் கணக்காக முடியும். செப்டம்பர் புழுக்கத்தில் இடது கையால் பம்ப் அடிக்காமல் வேலை முடிவது சின்ன விஷயம் இல்லை. பெரியவர் இதைத் தவிர வேறெதையும் இப்போது தொடமாட்டார். ஆனால் ஒன்று, நோயைத் தடுப்பதில் மருந்தின் பங்கு பாதிதான். விடியற்காலையில் மூங்கில் கழியால் பனியைத் தட்டிவிடுவதும், அந்த வாரம் யூரியாவை நிறுத்தி பிளேடை அரை மில்லிமீட்டர் தூக்கி வைப்பதும் இந்த மெஷினைவிட அதிகம் காப்பாற்றியிருக்கின்றன.

சரி, வாங்கலாமா? வாங்காதே. இன்று காலை புது டயஃப்ரம் போட்டு, இரண்டு தடவை வடிகட்டி, நானே முதுகில் மாட்டி ஏழாவது கிரீனில் அடித்தேன். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் ஷூவிலிருந்து கொடி வரைக்கும் ஏழு சொட்டு.