அய்யர்மலை ரோப் கார்: ஏறும் முன் காற்றைப் பாருங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ரோப் கார் என்றாலே பழனிதான் ஞாபகத்துக்கு வரும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குளித்தலைக்குத் தெற்கே, மணப்பாறை போகிற வழியில் அய்யர்மலையில் 2024 ஜூலையில் ஒன்று வந்துவிட்டது. ரத்தினகிரீசுவரர் சன்னதிக்கு 1017 படி. முட்டி தேய்ந்தவர்கள் அடிவாரத்திலேயே கும்பிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மலை. அவர்களுக்கு இது பெரிய உபகாரம், சந்தேகமே இல்லை. ஆனால் நினைத்த நாளில் நினைத்த நேரத்தில் கிடைக்கும் என்று நம்பி வேன் பிடித்துக் கிளம்பக் கூடாது.

பழனியைப் போல இங்கேயும் ஒற்றை வடம்தான். பெட்டிகளைத் தாங்குவதும் இழுப்பதும் அதே வடம். ஒரு கொத்து ஏறும்போது மறு கொத்து இறங்கும். காஷ்மீரின் குல்மார்க் கோண்டோலாவில் நிலையத்துக்குள் வந்ததும் பெட்டி வடத்தை விட்டுவிட்டுத் தனியாக ஊரும். வடம் பாட்டுக்கு வேகம் குறையாமல் ஓடும். இங்கே பெட்டியின் பிடி வடத்தை விடுவதே இல்லை. ஆகவே ஆள் ஏற, மொத்த வடமும் வேகம் குறைய வேண்டும். வரிசை கொத்துக் கொத்தாகத்தான் நகரும். முன்னால் பத்துப் பேர்தானே என்று கணக்குப் போட்டால் தப்பிப்போகும்.

இறங்குகிற பெட்டியின் எடை ஏறுகிற பெட்டியை இழுக்க உதவும். காலையில் எல்லோரும் ஏறுவார்கள், இறங்க ஆள் இருக்காது. மோட்டாருக்குப் பாரம் அப்போதுதான் அதிகம். கூட்டம் திரும்புகிற நேரத்தில் இது தலைகீழ், மோட்டார் இழுப்பதை விடப் பிடித்து நிறுத்துகிற வேலைதான் கூடுதல். ஒரு பெட்டிக்கு இத்தனை பேர் என்று ஊழியர் கறாராக இருப்பது இதனால்தான். "குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று அவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். பெட்டிக்குள்ளும் எல்லோரும் ஒரே பக்கம் உட்காராமல் இரண்டு பக்கமும் சமமாக உட்காருங்கள். தேங்காய் பழத் தட்டு, பை எல்லாம் காலடியில்.

தூணைக் கடக்கும்போது தடதடவென்று ஓர் அதிர்வு வரும். பெட்டியின் பிடி, ரப்பர் பட்டை போட்ட உருளைகள் மேல் ஏறி இறங்கும் சத்தம் அது. பயப்பட ஒன்றுமில்லை. கரண்ட் போய் நடுவில் நின்றாலும் அப்படித்தான்: இந்த மாதிரி இயந்திரங்களில் மின்சாரம் இருக்கும் வரைதான் பிரேக் விலகி நிற்கும், போனதும் தானாகக் கவ்விக்கொள்ளும். நின்ற வேகத்தில் பெட்டி முன்னும் பின்னும் ஊஞ்சலாடும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். எழுந்து நிற்பது, கதவைத் தொடுவது, செல்ஃபிக்குச் சாய்வது மூன்றும் கூடாது.

உண்மையான பகை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று கரூர், குளித்தலை மேலேதான் பாய்கிறது. பக்கவாட்டில் அடிக்கிற காற்று ஆள் இல்லாத பெட்டியைத்தான் அதிகம் ஆட்டும். ஆட்டம் மிஞ்சினால் வடம் உருளையை விட்டு விலகப் பார்க்கும். விலகினால் தூணில் உள்ள சுவிட்ச் இயக்கத்தை வெட்டிவிடும், பிறகு ஆள் மேலே ஏறிச் சரிசெய்தால்தான் நகரும். இந்த ரோப் கார் தொடங்கிய புதிதிலேயே காற்றில் நின்று, பெட்டியில் இருந்தவர்கள் அந்தரத்தில் காத்துக் கிடந்தது செய்தியானது. பழனியில் ஆண்டுப் பராமரிப்பைப் பெரும்பாலும் இந்தக் காற்றுக் காலத்தை ஒட்டித்தான் வைக்கிறார்கள். அங்கே ரோப் கார் நின்றால், தண்டவாளத்தில் பெட்டியை வடம் கட்டி இழுக்கும் விஞ்ச் 1966 முதல் இருக்கிறது. இங்கே படி ஒன்றுதான் மாற்று. ஆனி, ஆடியில் வயதானவர்களை அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால் ஒத்திப்போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் கண்டாலும் நிறுத்தத்தான் செய்வார்கள்.

காட்சி? வடக்கே காவிரியை ஒட்டி வாழையும் நெல்லும் பச்சைப் பட்டையாக ஓடும், தெற்கே திரும்பினால் வறண்ட மானாவாரிக் காடு. டெல்டாவின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதை இவ்வளவு பளிச்சென்று தஞ்சாவூர்ச் சமவெளியில் எங்கே நின்றாலும் பார்க்க முடியாது. மேட்டூர் அணை திறப்பு வழக்கமாக ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. தண்ணீரும் இருக்க வேண்டும், காற்றும் அடங்க வேண்டும் என்றால் தை முதல் பாதிதான் தோது. காகம் பறவாத மலை என்று இதற்கொரு பெயர் உண்டு; கண்ணாடி வழியாகக் காகத்தைத் தேடுவது குழந்தைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

காலையில் குளித்தலைக் கடம்பர், மதியம் இந்த மலை, அந்தியில் ஆற்றுக்கு அக்கரையில் திருஈங்கோய்மலை என்று ஒரே நாளில் மூன்றையும் தரிசிப்பது வழக்கம். ரோப் காரை நம்பிப் போகிறவர்கள் கடம்பரை விடிந்ததும் முடித்துக்கொண்டு, வெயிலும் காற்றும் ஏறுமுன் அய்யர்மலைக்கு வந்துவிடுவது நல்லது. உச்சிவேளைதான் வேண்டும் என்பவர்கள், மேலே போன பிறகு சேவை நின்றால் 1017 படியும் இறங்க உடம்பு இடம் கொடுக்குமா என்று பார்த்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.