கீழக்கரைக் காற்றில் ஒரு டைகர் டாங்கி: குறி தப்பாமல் சுட நான் மாற்றியவை

ஹெங் லாங் கம்பெனியின் 1/16 அளவு டைகர் டாங்கி இது. ரிமோட்டில் ஓடும், 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு சுடும். காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. பல மழைக்காலம் பார்த்துவிட்டது, இன்னும் ஓடுகிறது. கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் வீடு என்பதால் அதுவே எனக்குப் பெரிய விஷயம். ஆனால் நான் இங்கே எழுத வந்தது குறி பார்த்துச் சுடுவதைப் பற்றி.

பெட்டியிலிருந்து எடுத்த நிலையில், பத்து மீட்டர் தள்ளி வைத்த அட்டையில் குண்டுகள் ஒரு முழ அகலத்துக்குச் சிதறின. இப்போது காற்றில்லாத நேரத்தில் ஒரு ஜாணுக்குள் விழுகின்றன. எல்லாரும் முதலில் குழலைத்தான் மாற்றச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. குழல் எவ்வளவு நேராக இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் டரெட் (டாங்கியின் மேலே சுழலும் பீரங்கிக் கூண்டு) லொடலொடவென்று ஆடினால் என்ன பயன்?

உள்ளே நடப்பது எளிமையானது. சின்ன மோட்டார் ஒரு கியரைச் சுற்றும். அதில் பாதிக்குத்தான் பல் இருக்கும். பல் உள்ள பகுதி பிஸ்டனை ஸ்பிரிங்குக்கு எதிராகப் பின்னால் இழுக்கும், பல் முடிந்ததும் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தும், குண்டு வெளியே போகும். நிஜ டைகரின் 88 மில்லிமீட்டர் பீரங்கியை 16-ஆல் வகுத்தால் 5.5 வரும். ஆக, குண்டின் அளவு ஏறக்குறைய அசல்தான். ஆனால் நிஜக் குழலுக்குள் முறுக்கு வரிகள் உண்டு, குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும். நம்முடையது வழவழப்பான குழாய். குண்டைப் பின்பக்கமாகச் சுழற்றித் தூக்கிவிடும் ரப்பரும் என் யூனிட்டில் இல்லை. அதனால் பதினைந்து மீட்டருக்கு அப்பால் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

முதலில் மாற்ற வேண்டியது குண்டு. ஏர்வாடி சந்தனக்கூடு கடைகளில் பொம்மைத் துப்பாக்கியோடு மஞ்சள் குண்டுப் பொட்டலம் விற்பார்களே, அதைத்தான் ஆரம்பத்தில் போட்டேன். கையில் உருட்டிப் பாருங்கள், நடுவில் அச்சு ஒட்டிய தடம் நகத்தில் தட்டுப்படும். சிலது முழு உருண்டைகூட இல்லை. இந்த ரகம் வழக்கமாக 0.12 கிராம். பக்கக் காற்று லேசாக வீசினாலே இழுத்துக்கொண்டு போய்விடும். தடமில்லாமல் மெருகேற்றிய 0.20 கிராம் குண்டுக்கு மாறியதும் சிதறல் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. வேகமும் தூரமும் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. 0.25 போட்டால் இந்தச் சின்ன ஸ்பிரிங் திணறுகிறது.

அடுத்தது டரெட். இதில்தான் அதிக நேரம் போனது. டரெட்டைச் சுற்றும் பல்லுக்கும் வளையப் பல்லுக்கும் இடையே இருக்கும் சந்து மிகச் சிறியது. ஆனாலும் குழல் முனையைப் பிடித்து ஆட்டினால் தாராளமாக ஆடும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் யாரும் தொடாமலே டரெட் மெல்ல அசைவதைப் பார்க்கலாம். டரெட் உட்காரும் விளிம்பில் மெல்லிய வெல்வெட் துணியைப் பட்டையாக வெட்டி ஒட்டினேன். நகைப்பெட்டிக்குள் ஒட்டுவார்களே, அதே துணி. இதன் உராய்வு டரெட்டை நிறுத்திய இடத்தில் பிடித்துக்கொள்ளும். இறுக்கமாகிவிட்டால் மோட்டார் முனகும், பட்டையில் பாதியை உரித்துவிடுங்கள். அப்புறம் ஒரு பழக்கம்: எப்போதும் இடமிருந்து வலமாகவே குறிக்கு வந்து நிறுத்துவேன். தாண்டிவிட்டால் இடப்பக்கம் நன்றாகப் போய்த் திரும்ப வருவேன். மிச்சமிருக்கிற ஆட்டம் ஒரே பக்கம் சாய்ந்துவிடும்.

என் டாங்கியின் சர்க்யூட் போர்டில் டரெட் ஒரே வேகத்தில்தான் சுற்றும், அதுவும் கொஞ்சம் அவசரமாக. குச்சியைத் தொட்டாலே இலக்கைத் தாண்டிவிடும். வேகத்தைக் குறைக்க மோட்டார் வயரில் ரெசிஸ்டர் போடலாம் என்று ராமநாதபுரத்தில் டிவி ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "தம்பி, ரெசிஸ்டர் போட்டா லோடு வர்றப்ப மோட்டார் நின்னுபோகும். டயோடு போடுங்க" என்றார். சரியான யோசனை. இழுக்கும் கரண்ட் ஏற ஏற ரெசிஸ்டரில் இழப்பும் ஏறும். சாதாரண 1என்4007 டயோடு எப்போதும் ஏறத்தாழ 0.7 வோல்ட்தான் தின்னும். டரெட் இரண்டு பக்கமும் சுற்றுவதால் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு டயோடை எதிரெதிராகப் பக்கத்தில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். அப்படி மூன்று ஜோடியை வரிசையாகப் போட்டதில் சுமார் 2 வோல்ட் குறைந்து டரெட் நிதானமாக நகர்கிறது. செலவு ஒரு டீ, வடைக்குள் முடிந்தது. இந்த டாங்கியில் நான் செய்த மாற்றங்களில் இதற்குத்தான் முதல் மார்க்.

குழல் மேலும் கீழும் ஆடுவதற்கு, பழைய கேசட் பிளேயரில் இருந்த இழுப்பு ஸ்பிரிங்கை டரெட் தரைக்கும் சுடும் யூனிட்டுக்கும் இடையே மாட்டினேன். ரப்பர் பேண்டு வேண்டாம். இந்த வெயிலில் சீக்கிரம் பிசுபிசுத்து அறுந்துவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் குழல். 6.03 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பித்தளைக் குழாயை வரவழைத்து, லேத் பட்டறையில் அளவாக வெட்டி வாங்கினேன். வெட்டிய முனையில் மயிரிழைப் பிசிறு இருந்தாலும் குண்டு ஒரு பக்கமாகத் திரும்பும். அதனால் பிசிறு எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். வெளிக்குழலுக்குள் அது ஆடாமலிருக்க, பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை முனையிலும் அடியிலும் சுற்றி நடுவில் நிறுத்தினேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும். வண்டிக் கிரீஸ் சிலவகை ரப்பரை ஊதவைத்துவிடும்.

அகச்சிவப்புக் கதிரால் "சுடும்" வசதியும் இதில் உண்டு. நம் ஊர் வெயிலில் அதை மறந்துவிடலாம்.

காற்றை எந்தப் பாகத்தை மாற்றியும் சமாளிக்க முடியாது. விடிந்து வெயில் ஏறுமுன் சுட்டால் உண்டு. "மாமா, காத்து விழுந்துருச்சு, இப்ப அடிங்க" என்று தங்கச்சி மகன் கத்தும் நேரத்தில் சுட்டால் நெருக்கமாக விழும். கண்ணாடி போடாமல் அவனை இலக்குப் பக்கம் விடுவதில்லை.

கடற்கரையில் சுடுவதில்லை, வீட்டுக் கொல்லையில் மட்டும்தான். அட்டைக்குப் பின்னால் கொசுவலையை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டால் எல்லாக் குண்டும் அடியில் வந்து விழும். எதிரே இருப்பது மன்னார் வளைகுடா, 1986-லிருந்து கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அங்கே பிளாஸ்டிக் மணிகளை இறைக்க எனக்கு மனசில்லை. மணல் பொடி குழலுக்குள் போனால் பித்தளையில் கீறல் விழும் என்பது இன்னொரு காரணம்.

உப்பு என்ன செய்தது? பேட்டரி இணைப்பிகளில் பச்சைக் களிம்பு அடிக்கடி பிடிக்கிறது. அப்போது வோல்ட் ஏறி இறங்கி, டரெட் ஒரு நாளைப்போல இன்னொரு நாள் நகராது. மாதம் ஒருமுறை தேய்த்துவிடுகிறேன். உலோகத் தடச் சங்கிலி நல்ல எடை. சுடும்போது உடம்பு குலுங்காமல் நிற்பதால் குறிக்கு உதவுகிறது, ஆனால் அதன் கோர்ப்பு ஊசிகளில் துரு ஏறிப் பழுப்பாக வழிகிறது. இப்போது பிளாஸ்டிக் சங்கிலியையே திரும்பப் போட்டு, உடம்புக்குள் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வைத்து எடை ஏற்றிவிட்டேன். நிற்பதில் வித்தியாசம் தெரியவில்லை.

இரும்புப் பல் கியர்பாக்ஸ் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பரமக்குடிப் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக வாங்குங்கள். கீழக்கரை, மண்டபம், தொண்டிக்காரர்கள் முதலில் அந்தக் காசில் நல்ல குண்டும் பித்தளைக் குழாயும் வாங்குங்கள், மிச்சமிருந்தால் பார்க்கலாம்.