இழுப்பறை மாதிரி வழுக்கும் புவித்தட்டு

ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு ஆன்லைனில் 1,150 ரூபாய் கொடுத்து வாங்கிய புவித்தட்டு மாடல் இது, பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்து நகர்வதைக் காட்டுவது. பெயர் சொல்லப் போவதில்லை, இதே சரக்கை வேறு வேறு பெட்டியில் போட்டுப் பல பேர் விற்கிறார்கள். ஒரு மரச்சட்டம், அதில் நகரும் இரண்டு பலகைகள், திருகுகிற கைப்பிடி, ஒட்டுவதற்குக் கலர் ஸ்பாஞ்ச், ஒரு கையேடு. அவ்வளவுதான் பெட்டியில்.

இரண்டு தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும் விலகும் எல்லைதான் இதில் அருமை. கைப்பிடியைச் சுற்றினால் பலகைகள் பிரிய, நடு இடுக்கில் அடியிலிருந்து சிவப்புத் துணி எழுந்து வந்து இரண்டு பக்கமும் படிகிறது, அட்லாண்டிக் கடலடியில் புதுத் தரை உருவாவது இப்படித்தான். ஒரு சுற்றுக்கு ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது. இந்த எல்லையின் மேலேயே இருக்கும் ஐஸ்லாந்தில் அந்த ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் அரை வருஷம் ஆகும்!

இரண்டு கண்டங்கள் மோதுவதும் பரவாயில்லை. ஸ்பாஞ்ச் மடிந்து மடிந்து இமயமலை மாதிரி எழும்புகிறது, ஆனால் பசை மூன்றாவது தடவையே விட்டுவிட்டது, ஃபெவிகால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெரிய குறை, ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் போகும் பாகத்தில். கனமான கடல் தட்டு கீழே அமிழ வேண்டும், சரி, நீலப் பலகை பழுப்புப் பலகைக்கு அடியில் போகத்தான் செய்கிறது, ஆனால் எண்ணெய் போட்ட இழுப்பறை மாதிரி போகிறது. "இப்படி வழுக்கிக்கிட்டே போனா நிலநடுக்கம் எப்படிப்பா வரும்?" என்று மகள் கேட்டாள். சரியான கேள்வி. நிஜத்தில் இரண்டும் உரசிப் பூட்டிக்கொள்ளும், கீழே போகும் தட்டு மேல் தட்டின் விளிம்பையும் சேர்த்து இழுத்து வளைக்கும், நூற்றாண்டுகள் கழித்து ஒருநாள் பிடி விட்டதும் அந்த விளிம்பு வில் மாதிரி எகிறும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டருக்கு நடந்தது அதுதான். கடல் தரை மீட்டர் கணக்கில் உயர்ந்து, மேலே இருந்த தண்ணீரையும் தூக்கிவிட்டது.

அதனால் நானே நீலப் பலகையில் உப்புத்தாள் ஒட்டி, பழுப்பின் விளிம்பில் பழைய பிளாஸ்டிக் ஸ்கேலைச் செருகி, அதன் மேல் ஒரு பிடி பொரி வைத்தேன். சுற்றச் சுற்ற ஸ்கேல் வளைந்துகொண்டே போய், திடீரென்று டப்! பொரி சோபா வரை பறந்தது. அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை, பத்துத் தடவை சுற்றினாள்.

பக்கவாட்டில் உரசும் எல்லைக்குத் தனி பாகம் கிடையாது, பலகைகளைத் திருப்பிப் போட்டு நாமே தள்ள வேண்டியதுதான். கையேட்டின் தமிழோ இன்னும் மோசம், கலிபோர்னியாவின் அந்தப் பெரிய பிளவை 'சான் ஆண்ட்ரியாஸ் தவறு' என்று போட்டிருக்கிறார்கள், பிளவைக் குறிக்கும் 'ஃபால்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே மொழிபெயர்த்து. யார் செய்த தவறோ! 2012 ஏப்ரல் 11 அன்று சென்னையில் ஆபீஸை விட்டு ஓடி வந்தோமே, சுமத்ரா பக்கம் கடலில் வந்த அந்த 8.6 அளவு நிலநடுக்கம் தட்டின் எல்லையில் இல்லை, தட்டுக்குள்ளேயே வந்தது, ஆனால் அதுவும் பக்கவாட்டு நகர்வுதான். தரை பெரிதாக மேலே எழவில்லை, பெரிய சுனாமியும் வரவில்லை. பலகைகளை வைத்து இதை இரண்டு நிமிடத்தில் காட்டிவிடலாம், கையேட்டில் ஒரு வரி இல்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். உப்புத்தாள் ஒட்ட உங்களுக்குப் பொறுமை இருந்தால் மூன்றரை. கைப்பிடி ஸ்க்ரூவை மட்டும் வந்ததும் இறுக்கிவிடுங்கள், எங்களுடையது இரண்டாம் நாளே கழன்று விழுந்தது.