புரொஜெக்டரா, ஆர்டுயினோவா? மதுரை கேலரியில் ஒரு தொழில்நுட்ப ரெசிடென்சி

தற்காலக் கலைக்கான எங்கள் சிறிய கேலரியில் கலைஞர்களைத் தங்கவைத்து, தொழில்நுட்பம் கலந்த படைப்புகளைச் செய்ய இடம் கொடுப்பது என்று முடிவானதும், எந்தக் கருவிகளை வாங்குவது என்ற கேள்வி வந்தது. ஒரு பக்கம் புரொஜெக்டரும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரும். மறுபக்கம் ஆர்டுயினோ (சென்சார், மோட்டார்களை இயக்கும் சிறு மின்னணுப் பலகை), சென்சார், மோட்டார், சால்டரிங் மேசை. இரண்டுக்கும் பணம் இல்லை. இரண்டாவதை எடுத்தோம், இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

புரொஜெக்டரின் கவர்ச்சியை விளக்கத் தேவையில்லை. திருமலை நாயக்கர் மஹாலின் ஒலி-ஒளிக் காட்சியைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. சுவரில் வெளிச்சம் அசைந்தால் கூட்டம் நிற்கும். விலை கூடுதல் என்பதும் தெரிந்ததே. இப்படிப்பட்ட காட்சிகளை உருவாக்கும் டச்டிசைனர் மென்பொருளின் இலவசப் பதிப்பு 1280-க்கு 1280 பிக்சலோடு நின்றுவிடும், வணிகப் பயன்பாட்டுக்கும் ஆகாது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கலைஞர் ஊருக்குக் கிளம்பிய பிறகும் படைப்பு ஓட வேண்டும். சாதாரண புரொஜெக்டர் லாம்ப் 3000 முதல் 5000 மணி நேரம் வரும். தினம் 8 மணி நேரம் ஓட்டினால் இரண்டு வருடம்கூடத் தாங்காது. லேசர் புரொஜெக்டர் 20,000 மணி நேரம் உழைக்கும், விலைதான் கட்டுப்படியாகாது. லாம்ப் சூடாக இருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே ஃபேனும் நின்று லாம்பின் ஆயுள் குறையும், அதனால் யுபிஎஸ் கட்டாயம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டு, படம் சுவரில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க விவரம் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆர்டுயினோவுக்கு இது எதுவும் வேண்டாம். ப்ரோகிராம் சிப்பிலேயே இருக்கிறது. கரண்ட் வந்த சில நொடிகளில் தானாக ஓடத் தொடங்கும். ஊனோ ஆர்3 என்ற ஆர்டுயினோ பலகையில் 28 கால் சிப் சாக்கெட்டில்தான் இருக்கிறது. கெட்டுப்போனால் நெம்பி எடுத்துவிட்டு, அதே ப்ரோகிராம் ஏற்றிய உதிரிச் சிப்பைச் செருகலாம். (ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் அப்படியல்ல. கரண்ட் சட்டென்று போனால் அதன் ப்ரோகிராம் இருக்கும் எஸ்டி கார்டு பழுதாகலாம்.)

இங்கே உருவான ஒரு படைப்பில், ஆள் அருகே வந்தால் சுங்குடித் துணியைச் சிறு சர்வோ மோட்டார்கள் மெல்லச் சுருக்கும். ஒலி அனுப்பி எதிரொலியைக் கொண்டு ஆளை அறியும் அல்ட்ராசோனிக் சென்சார் சிலரைக் கண்டுகொள்ளவே இல்லை. தளர்வான பருத்திச் சேலை ஒலியை உறிஞ்சிவிடுகிறது என்று பிடித்தவர் பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக் அண்ணன். உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் சென்சாரை அவரே மாட்டினார். சர்வோவின் நைலான் பல்சக்கரம் தேய்ந்தபோது உலோகப் பல் வைத்த சர்வோவை மாட்டியவரும் அவர்தான். 1966-இல் நியூயார்க்கில் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடப் பொறியாளர்கள் கலைஞர்களோடு சேர்ந்து ‘9 ஈவினிங்ஸ்’ என்ற கலை-தொழில்நுட்ப நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். எங்களுக்கு அந்தப் பொறியாளர் இடத்தில் உள்ளூர் மெக்கானிக்.

மாதக்கணக்கில் ஓடும் கண்காட்சிக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்றால், அடித்துச் சொல்லமாட்டேன். நாங்கள் நடத்தியதெல்லாம் குறுகிய காட்சிகள். வீடியோ கலைஞர்தான் வருகிறார் என்றால், கல்யாண மண்டபங்களுக்குப் புரொஜெக்டர் விடுபவர்களிடம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள்: ப்ரோகிராம், சர்க்யூட் படம், உதிரிப் பாகங்கள் மூன்றையும் கலைஞர் கேலரியில் ஒப்படைத்த பிறகுதான் கடைசித் தவணைப் பணம்.